ஜன்னலுக்குத் தைத்த சேலை

என் வீட்டுக்கு இரண்டு ஜன்னல் வந்ததே நான் போட்ட சண்டையால்தான். கொத்தனார் ஒன்றே போதும் என்றார். "ரெண்டு வச்சா திருடன் எந்தப் பக்கமா வந்தான்னு கூட உனுக்குத் தெரியாதுமே" என்றார். "எங்க வூட்ல திருட இன்னா கீது? வந்தான்னா பாவம்னு அவனே எதனா வச்சிட்டுத்தான் போவான்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நான் வெளியாட்களிடம் வாய் கொடுத்தால் அவருக்குக் காது சிவந்துவிடும். ஆனால் ஜன்னல் இரண்டும் வந்துவிட்டன. ஒன்று தெருவைப் பார்த்து, இன்னொன்று ஏரியைப் பார்த்து.

உத்திரமேரூருக்கு வெளியே, ஏரிக்கரைச் சரிவில் எங்கள் தெரு. எல்லோரும் ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள். பாதிப் பேர் அம்மன் கோயிலுக்குப் போவார்கள், பாதிப் பேர் சர்ச்சுக்கு. நாங்கள் சர்ச்சுக்காரர்கள். எல்லாமே ஓலைக் குடிசைகள். என் வீட்டுக்காரருக்கு ரைஸ் மில்லில் இன்ஜின் பார்க்கிற வேலை கிடைத்ததால், அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தெருவின் முதல் ஓட்டு வீடு எங்களுடையதானது. ஒரு கூடம், ஒரு சமையல் இடம். அவ்வளவுதான், ஆனால் எனக்கு அது அரண்மனை.

அந்த வீட்டின் மேல் எனக்கு ஏன் அவ்வளவு வெறி என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஐந்து வருஷம் அவருடைய அண்ணன் குடும்பத்தோடு ஒரே குடிசையில் இருந்தோம். அங்கே என் வயிற்றில் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயின. இரண்டும் ஐந்தாம் மாதத்தில். மூன்றாவது நின்றபோது எனக்கே ஒரு தீர்மானம் வந்தது, குற்றம் என் வயிற்றில் இல்லை, அந்தக் குடிசையில்தான் என்று. யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். புது வீட்டில், வெளிச்சத்தில், நல்லதையே பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் பிள்ளை தங்கும். தங்கியே ஆகவேண்டும். தை மாதம் சர்ச் ஐயர் வந்து ஜெபம் பண்ணி வீடு புகுந்தோம். அப்போது எனக்கு மூன்று மாதம்.

வீடு வந்துவிட்டது, உள்ளே வைக்க ஒன்றுமில்லை. ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க என்பார்களே, அந்தக் கதைதான். நான் எட்டாவது வரை மிஷன் போர்டிங்கில் படித்தவள். அங்கே தையலும் குரோஷா ஊசிப் பின்னலும் கற்றுக்கொடுத்தார்கள். வார்டன் அம்மா அறையில் ஜன்னலுக்குத் திரை தொங்கும். காற்றில் அது உப்பி அடங்குவதைப் பார்த்துக்கொண்டே கணக்கில் கோட்டை விட்டவள் நான். எனக்கும் ஒரு நாள் ஜன்னல் வரும், திரை வரும் என்று அந்த வயதிலேயே முடிவு செய்திருந்தேன்.

காசு கொடுத்துப் புதிதாக எதையும் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் தூக்கிப் போட்ட மருந்து பாட்டில்களைக் கொண்டுவந்து கழுவி, ஒன்றில் மஞ்சள் தண்ணீர், ஒன்றில் துணிக்குப் போடும் நீலம், ஒன்றில் குங்குமம் கரைத்து ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தேன். வெயில் பட்டால் தரையில் மூன்று நிறம் விழும். சிகரெட் டப்பாவுக்குள் இருக்கும் வெள்ளித்தாளில் பூ செய்து சுவரில் ஒட்டினேன். மூன்று கால் நாற்காலி ஒன்று கிடைத்தது. நாலாவது காலுக்கு மில்லில் இருந்து அவர் ஒரு கட்டை கொண்டுவந்தார். விளிம்பு உடைந்த பீங்கான் தட்டைக் கம்பி கட்டிச் சுவரில் மாட்டினேன். "தட்ட தரையில வச்சுதான் துன்னுவாங்க, நீ இன்னாமே செவுத்துக்குச் சோறு போடற?" என்றார் அவர். உடைந்த வளையல் துண்டுகளை மெழுகுவர்த்தி நெருப்பில் காட்டி வளைத்து, ஒன்றில் ஒன்றை மாட்டிச் சங்கிலி செய்வார்கள் இல்லையா, அப்படி ஒரு தோரணம் செய்து வாசலில் தொங்கவிட்டேன். யாராவது தலையால் இடித்துக்கொண்டு உள்ளே வந்தால் கிலுகிலுவென்று சத்தம் கேட்கும். தெருப் பிள்ளைகள் அதைக் கேட்பதற்காகவே வந்து வந்து போகும்.

பழைய சாமான் எல்லாம் ஒரு பாயிடம்தான் வாங்குவேன். சைக்கிளில் தென்னேரி, ராஜகுளம் என்று சுற்றி வீடு வீடாக வாங்கி, சந்தையன்று உத்திரமேரூரில் கோணி விரித்துப் பரப்புவார். மாசி மாதம் ஒரு சந்தையில் அவரிடம் அந்த மூங்கில் பெட்டியைப் பார்த்தேன். மூடி போட்டது, மேலெல்லாம் மஞ்சள் பூசியிருந்தது, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. நூலும் ஊசியும் போட்டு வைக்கத் தோதான பெட்டி.

"உள்ள இன்னா கீது பாய்?"

"நானு தொறக்கலம்மா. தொறக்காத வாங்கினேன், தொறக்காத குடுக்கறேன். வாணான்னா வச்சிடு, பேஜார் பண்ணாத."

எப்போதும் அரைமணி நேரம் பேரம் பேசுகிற மனிதர் அன்று நான் கேட்ட விலைக்கே கொடுத்தார். அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கயிற்றை அவிழ்த்தேன். உள்ளே ஒரு சேலை. காஞ்சிபுரம் பருத்தி, மாம்பழ மஞ்சள் நிறம், இரண்டு விரல் அகலத்துக்கு அரக்குக் கரை. ஒரு முறை கூடக் கட்டாத கோடிச் சேலை, மடிப்புக் கலையவில்லை. அதன் மேல் காய்ந்து பொடியான பூ. பக்கத்தில் ஒரு மரச் சீப்பு, ஒரு ஜோடி பச்சை வளையல், குங்குமப் பொட்டலம். சேலையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னால் அது பாதிப் பொய். நாலு மூலையில் மஞ்சள் வைத்த துணி யாருக்கோ படைத்த துணி என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நான் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள். படையலாவது ஒன்றாவது, துவைத்தால் போகிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதுகூட நினைக்கவில்லை. அந்த அரக்குக் கரை ஜன்னலில் எப்படி இருக்கும் என்பதைத்தான் நினைத்தேன்.

மூன்று தண்ணீரில் துவைத்தேன். மூலையில் இருந்த மஞ்சள் போகவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். இரண்டு ஜன்னலுக்கும் இரண்டு திரை வெட்டினேன். முந்தானை மிஞ்சியது. அதில் கையகலத்துக்கு ஒரு தலையணை உறை தைத்து, கடுகு நிரப்பினேன். பிறந்த பிள்ளையின் தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வைப்பார்கள். பிறப்பதற்கு முன்னால் பிள்ளைக்கென்று ஒரு நூல்கூடத் தைக்கக் கூடாது என்பார்கள். அதனால் அவருக்கும் தெரியாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பச்சை வளையல் இரண்டையும் உடைத்து நெருப்பில் வளைத்துத் தோரணத்தில் சேர்த்தேன். சீப்பை ஏரிப் பக்க ஜன்னல் கட்டையில், பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். திரை மாட்டிய அன்று தெருவே வந்து பார்த்தது. அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

பங்குனி பிறந்தது. காற்று நின்றுபோன மாதம் அது. பகல் சாப்பாட்டு நேரத்தில் தெருவில் ஒரு ஜீவன் இருக்காது, எல்லோரும் களத்துமேட்டில் இருப்பார்கள். நான் மட்டும் வீட்டில். அந்த நேரத்தில்தான் முதலில் கவனித்தேன். வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை, ஏரிப் பக்கத் திரை மட்டும் உள்ளே உப்பியது. காற்றில் உப்பினால் துணி படபடவென்று அடித்துக்கொள்ளும். இது அப்படி இல்லை. நிறைமாதக்காரி ஒருத்தி திரைக்கு அந்தப் பக்கம் நின்று கொண்டு வயிற்றால் தள்ளுவது போல மெதுவாக உப்பி, அப்படியே நின்றது.

மறுநாள் காலையில் திரையின் அடி விளிம்பு நனைந்திருந்தது. பனி என்று நினைத்தேன். தெருப்பக்கத் திரை காய்ந்து கிடந்தது. முகர்ந்து பார்த்தால் ஏரிப் பாசி வாடை. அதற்கடுத்த நாளும் ஈரம். அப்புறம் தினமும் ஈரம். சீப்பில் நீளமாக ஒரு முடி இருந்தது. என் முடி சுருட்டை, தோளுக்குக் கீழே இறங்காது. எடுத்துப் போட்டுவிட்டுச் சீப்பைக் கழுவி வைத்தேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு முடி. இது முழங்கால் வரைக்கும் வரும்.

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். ஒரு நாள் மத்தியானம் அடுப்படியில் இருந்தேன். வாசல் தோரணம் கிலுகிலுத்தது. வெளியே வந்து பார்த்தால் யாரும் இல்லை, தோரணம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. "வர்றதுன்னா வாயத் தொறந்து சொல்லிட்டு வா! இது இன்னா சத்திரமா?" என்று கத்தினேன். கத்திவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, தெரிந்த ஜெபம் எல்லாம் சொன்னேன். பாதியில் வார்த்தை மறந்துவிட்டது.

அப்போதுதான் வயிற்றுக்குள் பிள்ளை அசைந்தது. முதல் அசைவு. முதல் இரண்டும் எனக்கு அசைவே காட்டாமல் போனவை. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. ஐந்தாம் மாதம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. மெதுவாக எழுந்து ஏரிப் பக்க ஜன்னலுக்குப் போனேன். திரைக்குப் பக்கத்தில் போனதும் பிள்ளை இன்னும் பலமாகப் புரண்டது. தள்ளி வந்தேன், அடங்கியது. மறுபடி போனேன், மறுபடி புரண்டது.

அதை யாரிடமும் சொல்லவில்லை. பயந்து செத்துக்கொண்டே அந்தத் திரைக்குப் பக்கத்தில் போய் உட்காருவேன். பிள்ளை அசையும். என் பயத்தை விட அது பெரிதாக இருந்தது.

அவரும் முதலில் கேலிதான் செய்தார், "ஏரிக் காத்துமே, காசா பணமா, வாங்கிக்கோ" என்று. சித்திரையில் ஒரு நாள் நடந்ததை வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். மத்தியானம் சாப்பிட வந்தவர் வாசலில் கால் கழுவிக்கொண்டே, ஜன்னலில் திரைக்குப் பின்னால் தலை வாரிக்கொண்டு நின்றவளை நான் என்று நினைத்து, "சோத்தப் போடு, இன்ஜின் நிக்குது, சீக்கிரம் போவணும்" என்று சொல்லியிருக்கிறார். உள்ளே வளையல் சத்தம் கேட்டிருக்கிறது. வந்து தட்டின் முன் உட்கார்ந்துவிட்டார். நான் இடுப்பில் குடத்தோடு தெருக்கோடிக் கிணற்றிலிருந்து வாசலுக்குள் நுழைந்தேன். அவர் என்னைப் பார்த்தார். அடுப்படிப் பக்கம் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீ எப்போ வெளிய போன?"

"போயி நாழி ஆச்சு. இன்னா ஆச்சு?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். கை கழுவும்போது, "அத்தக் கழட்டிப் போட்டுடு" என்றார்.

"எத்த?"

"எத்தன்னு உனுக்குத் தெரியும்."

"கழட்ட மாட்டேன்" என்றேன். என்னவென்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை. அன்று முதல் மில்லிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே பலமாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வருவார்.

கழட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், ஆனால் யார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அடுத்த சந்தையில் பாயைப் பிடித்தேன். "உண்மையச் சொல்லு பாய், அந்தப் பொட்டி எந்த வூட்டுது?"

பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தென்னேரிப் பக்கம்மா. நெலம் நீச்சு கீற வூடு. ஒரு அம்மா பின்வாசலாண்ட கூப்ட்டுக் குடுத்துச்சு. காசு குடுத்தேன், வாணான்னுடுச்சு. எடுத்துக்கினு போனா போதும், இந்தப் பக்கமே கொண்டாந்துடாதன்னுச்சு." கோணியின் ஓரத்தை இழுத்துவிட்டார். "இப்போ அந்த வூட்ல பொட்டியக் காணோம்னு தேடறாங்கம்மா. பொண்ணு கல்யாணத்த வச்சிக்கினு கீறாங்க. நீ தைரியமானவ, உங்கிட்ட கீதுன்னு சொல்லிடட்டா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பாய் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் அவர்கள் வந்தார்கள். நாற்பது வயது இருக்கும் ஓர் அம்மா, காதில் கல் தோடு. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பதினேழு வயதுப் பெண். ஊர்க்காரப் பெண்கள் எங்கள் தெருவுக்குள் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. அந்த அம்மா முற்றத்தில் நின்றாள், வாசற்படிக்கு வரவில்லை. "உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க" என்றேன். "வாணாம்" என்றாள், சொம்பைப் பார்க்காமலே. எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டாள், ஆனால் அவள் வீட்டுச் செத்தவள் மட்டும் இரண்டு மாதமாக என் வீட்டில் குடியிருக்கிறாள்! நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பெண் தோரணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்தான் விவரம் சொன்னாள். அந்தச் சேலை அவளுடைய அம்மாவுக்குப் படைத்தது. அம்மா இறந்தபோது இவளுக்கு மூன்று வயது. அவர்கள் ஊர் ஏரிக்குத் துணி துவைக்கப் போனவள் திரும்பவில்லை. வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்பார்கள். அவளுக்குக் கோடிச் சேலை படைத்து, பெட்டியில் வைத்து, வீட்டு மூலையில் வைத்துக் கும்பிடுவார்கள். அந்த வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளை அழைக்க வேண்டும். அழைத்து, பழைய சேலையை எடுத்து வீட்டுப் பெண்ணுக்குக் கட்டிவிட்டு, புதுச் சேலையைப் பெட்டியில் வைக்க வேண்டும்.

"அந்தப் பொடவயத்தான் நானு கட்டிக்கணும்" என்றாள் பெண். "அப்பதான் எங்கம்மா என் கல்யாணத்துக்கு வந்த மாதிரி. இவங்க எங்க சித்தி, அப்பா ரெண்டாவதா கட்டினவங்க. இவங்கதான் என்ன வளத்தாங்க. பொட்டிய எந்தப் பாவியோ திருடிட்டான்."

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் வேப்பமரத்தைப் பார்த்தாள். பின்வாசலில் பாயைக் கூப்பிட்டுக் கொடுத்தது யார் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

பெண் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். சித்தி தடுக்கவில்லை. திரையைப் பார்த்ததும் அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் போய் அந்தத் துணியில் முகத்தை வைத்துக்கொண்டாள். "ஈரமா கீதே" என்றாள், அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "மன்னிச்சுக்கோம்மா, தெரியாத வெட்டிட்டேன்" என்றேன். "கிழிஞ்சாலும் எங்கம்மாதுதான, தெச்சுக் கட்டிக்கிறேன்" என்றாள்.

நூலையும் ஊசியையும் கொட்டிவிட்டு அந்த மூங்கில் பெட்டியை எடுத்து வைத்தேன். இரண்டு திரையையும் கழற்றினேன். தோரணத்தையும் அறுத்துக் கொடுத்தேன், சீப்பையும் வைத்தேன். எல்லாவற்றையும் அவள் பெட்டிக்குள் அடுக்கினாள். "இவ்ளோதானாக்கா? முந்தாணி?" என்று கேட்டாள்.

அரிசிப் பானைக்குப் பின்னால் தலையணை இருந்தது. எனக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. அந்தத் துணி இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் பிள்ளை தங்கியது, அசைந்தது. எல்லாம் போனால் இதுவும் போய்விடுமோ? ஒரு துண்டு, கையகலத் துண்டு, அதை வைத்துக்கொண்டால் என்ன?

"இவ்ளோதாம்மா. முந்தாணி வீணாப் போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன்.

பெண் பெட்டியை மூடி வாசற்படியில் வைத்தாள். சித்தி சரிவான மூடியின் உச்சியில் ஒரு சிவப்பு அரளிப்பூவை வைத்தாள். அழைத்தால் பூ தானாக விழ வேண்டும், அதுதான் வந்துவிட்டேன் என்று இறந்தவள் கொடுக்கும் உத்தரவு. "அக்கா, வா, வூட்டுக்குப் போலாம்" என்று சித்தி மூன்று முறை கூப்பிட்டாள். பூ அசையவில்லை. பெண் கூப்பிட்டாள், "அம்மா, வாம்மா, நான் வந்து கீறேன்." பூ அப்படியே இருந்தது. வெயில் சுட்டது. தெருவில் சத்தமே இல்லை. எனக்குப் பின்னால், திரையில்லாத அந்த ஜன்னல் பக்கத்தில், யாரோ ஈரத் துணியோடு நிற்பது போலத் தரையில் சொட்டுச் சொட்டென்று விழுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். பெண்ணுக்குக் குரல் உடைந்தது. "ஏன் சித்தி வரமாட்டேங்கறா? என்மேல கோவமா?"

சித்தி சட்டென்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஊர்க்கார அம்மா, எங்கள் தெரு மண்ணில். "உம்மேல இல்ல, எம்மேல" என்றாள். "அக்கா, நான்தான் உன்னைப் பொட்டியோட வெளிய அனுப்பினேன். பதினாலு வருஷம் உனுக்கு வெளக்கேத்தினேன். உம் பொண்ணுக்குப் பீ மூத்திரம் அள்ளினேன். கல்யாணத்துல மட்டும் நீதான் அம்மான்னு வந்து நிப்ப, நான் ஓரமா நிக்கணும். ஒரு நாளு, அந்த ஒரு நாளு நான் அம்மாவா நின்னுக்கறேன்னுதான் அந்தப் பாயிகிட்ட குடுத்தேன். தப்புதான். வா அக்கா, பொண்ணு தவிக்கறா, வா."

பெண் சித்தியையே பார்த்தாள். அவள் மறுபடி பிடித்துக்கொண்டிருந்த சித்தியின் முந்தானை கையிலிருந்து நழுவியது. இல்லை, அவள் விட்டாள்.

பூ விழவில்லை.

எனக்குத் தெரியும் ஏன் விழவில்லை என்று. அந்த முற்றத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் உள்ளே ஓடினேன். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து தலையணையை எடுத்தேன், தையலைப் பல்லால் கடித்து இழுத்தேன். கடுகு கூடம் முழுக்கச் சிதறி ஓடியது. வெறும் துணியைக் கொண்டுபோய்ப் பெட்டி மூடியை லேசாகத் தூக்கி, பூவைப் பிடித்துக்கொண்டு உள்ளே திணித்தேன். மூடி, பூவை மறுபடி உச்சியில் வைத்தேன். "பொய் சொன்னேன். என் பிள்ளைக்குன்னு வச்சிக்கினேன். எட்டு மாசத்தோட போனவளே, என் வயித்தப் பாத்துட்டுப் போ" என்றேன்.

கையை எடுத்தேன். பூ விழுந்தது.

பெண் பெட்டியைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு எழுந்தாள். வரும்போது சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், போகும்போது முன்னால் நடந்தாள். சித்தி மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, பத்தடி பின்னால் போனாள். ஒரு முறை "வெயிலு, கொடையப் புடி" என்று கூப்பிட்டாள். பெண் திரும்பவில்லை.

நான் ஜன்னலில் நின்றேன். வயிற்றில் இரண்டு கையும். உள்ளே எந்த அசைவும் இல்லை. போய்விட்டது, இதுவும் போய்விட்டது என்று நினைத்தேன். அவர்கள் ஏரிக்கரை வளைவை நெருங்கினார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் வளைவில் திரும்புவதற்குள் பிள்ளை உதைத்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் ஒரே புரளல். திரை இல்லை, துண்டு இல்லை, ஒன்றுமில்லை, பிள்ளை பாட்டுக்கு உதைத்துக்கொண்டிருந்தது. நான் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அந்த அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அந்த ஜன்னல் கட்டை ஒரு நாளும் நனையவில்லை. வெறும் காற்று வந்தது. கடுகை எத்தனையோ நாள் பெருக்கினேன், மூலை முடுக்கில் வந்துகொண்டே இருந்தது.

ஆடி முடிவில் அந்த வீட்டிலேயே எனக்குப் பெண் பிறந்தாள். பாய் செய்தி கேட்டு, கழுத்து உடைந்த ஒரு பொம்மையை ஒட்டி எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார். தென்னேரிக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். "நல்லா நடந்துச்சும்மா. அந்தப் பொடவயத் தெச்சுக் கட்டிக்கினு மணையில உக்காந்துச்சு பொண்ணு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தலை ஆடிக்கு அந்தம்மா வண்டி கட்டிக்கினு போயி பொண்ணக் கூப்ட்டுச்சாம். பொண்ணு வெளியவே வரலியாம். வெறும் வண்டி திரும்பி வந்துச்சாம்."

ஊரெல்லாம் என்னை வாயாடி என்பார்கள். முந்தானை எங்கே என்று அந்தப் பெண் கேட்டபோது இந்த வாயாடி ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் பூ முதல் தடவை கூப்பிட்டதுமே விழுந்திருக்கும். சித்தி வாயைத் திறந்திருக்கவே வேண்டாம். பெட்டியை ஒரு திருடன் எடுத்தான் என்றே அந்தப் பெண் கடைசிவரை நம்பியிருப்பாள். ஆடிக்கு அம்மா வீடு என்று வந்திருப்பாள்.

பாய் போய்விட்டார். ஏணையில் பிள்ளை பசிக்கு அழுதாள். எடுத்துப் பால் கொடுத்தேன்.